பச்சை இலைப் படம் போட்டால் போதுமா?

சோப்பு, கூந்தல் தைலம், முகப்பூச்சு என எதை எடுத்தாலும் முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை. கூடவே, ‘நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு அற்றது’ என்ற உறுதிமொழி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வாசனைப் பொருள்’ என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று சொல்ல மனமில்லாதவர்கள், பக்கவிளைவு இல்லை என்று மட்டும் எந்தத் துணிச்சலில் அச்சடிக்கிறார்கள்? இது பச்சைப் பொய். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பட்டையில் சின்னமால்டிஹைடு, கிராம்பில் யூஜினால், எலுமிச்சைப் புல் எண்ணெயில் சிட்ரால். எல்லாம் செடி தந்தவைதான். தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தவையும்தான். லாவண்டரில் உள்ள லினலூலும் ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனும் காற்றுப் பட்டு மாறும்போது இன்னும் மோசம். மூடி தளர்ந்து குளியலறையில் மாதக்கணக்கில் கிடக்கும் புட்டி, வாங்கிய அன்றைவிட ஆபத்தானது. உடல் இவற்றில் ஒன்றை ஒருமுறை பகையென்று குறித்துக்கொண்டால், பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. அரிப்பும் கொப்புளமும் தடவிய உடனே வராமல் ஓரிரு நாள் கழித்து வருவதால், வீட்டில் பழி கத்தரிக்காய் மீதும் கருவாட்டின் மீதும் விழுகிறது. தைலம் தப்பித்துக்கொள்கிறது.

கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். எந்தப் பாரம்பரியம்? சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் புண்ணாகும் என்பது, அதைக் கொண்டு துணிக்குக் குறி போட்ட சலவைத் தொழிலாளிக்குத் தெரியும். சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் விதி. மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற வசனம் விளம்பரக்காரர்கள் எழுதியது. சித்தர்கள் தலையில் அதைக் கட்ட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசச் சொல்லும் யூடியூப் அழகுக் குறிப்பாளர்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும் என்பதை அவர்கள் சொல்வதே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதலே, குறித்த அளவைத் தாண்டினால் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வைத்திருக்கிறது. 2023இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேல் நீட்டியது. அங்கே சரக்கு அனுப்பும் நம் ஊர் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஐரோப்பியத் தோலுக்குக் கிடைக்கும் மரியாதை மதுரைத் தோலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

‘பக்கவிளைவு அற்றது’ என்ற சொற்களை உற்பத்தியாளர்கள் உடனே நீக்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் பெயர்களைத் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிட வேண்டும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் ஒட்டுப் பரிசோதனை, மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகவே முன்வந்து விசாரிக்கவும் அதில் இடமுண்டு. பிறகு யாருடைய புகாருக்காக ஆணையம் காத்திருக்கிறது?