பழைய சரக்கு வண்டி வாங்கும்போது கிளட்சை எப்படிச் சோதிப்பது?

“சானமாவு பக்கத்தில் இரண்டு ஏக்கரில் தக்காளியும் பீன்ஸும் போடுகிறேன். வண்டி வாடகைக்கே பாதிப் பணம் போய்விடுவதால், பழைய பிக்-அப் ஒன்றை வாங்கலாம் என்று அத்திப்பள்ளியில் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கூட வந்த மெக்கானிக், ‘கிளட்ச் ரொம்ப மேலே பிடிக்கிறது, பிளேட் தேய்ந்திருக்கும்’ என்கிறார். விற்பவரோ, ‘கேபிளைச் சரிசெய்தால் போதும்’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது?”

- வாசகர், சானமாவு.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். அதனால் யாரையும் நம்ப வேண்டாம், வண்டியையே கேட்டுவிடுங்கள். ஆனால், வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் அது பதில் சொல்லாது. பாரம் ஏற்றி, மேட்டில் ஓட்டினால்தான் சொல்லும்.

எண்ணெய் இன்ஜினில் பம்பு ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பெல்ட் தளர்ந்திருந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும். ஆனால் தண்ணீர் குறைவாக விழும். தேய்ந்த கிளட்சும் அப்படித்தான். இன்ஜினின் சுழற்சி முழுமையாகக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் நழுவுகிறது. வண்டியில் பாரம் இல்லாதபோது இந்த நழுவல் வெளியே தெரியாது.

முதலில் பெடலைப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால், பெடலைக் கையால் அழுத்தும்போது தொடக்கத்தில் கொஞ்ச தூரம் இறுக்கமில்லாமல் போக வேண்டும். இதை ‘ஃப்ரீ பிளே’ என்பார்கள். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்து, கிளட்ச் மேலே பிடிக்கும். இடைவெளியே இல்லாமல் போனால், நல்ல பிளேட்கூட நழுவ ஆரம்பிக்கும். எனவே, விற்பவரிடமே கேபிளைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். சரிசெய்யும் நட்டை நகர்த்த மரையே மிச்சமில்லை என்றால், பிளேட் முடிந்துவிட்டது. மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால், பெடல் பிடிக்கும் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, பெடலுக்கு மேலேயும் கியர்பாக்ஸ் பக்கத்திலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிளைச் சரிசெய்த பிறகு, உங்கள் தக்காளி லோடுக்குச் சமமான எடையில் உர மூட்டையோ தீவன மூட்டையோ ஏற்றுங்கள். அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்ட வேண்டாம். இருபது நிமிடம் ஓட்டி வண்டியைச் சூடாக்கிய பின், நல்ல மேட்டுக்குக் கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் திசை ஏற்றமாகவே இருப்பதால் அந்தச் சாலை இதற்குப் பொருத்தமானது. மேட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் ஏறி, வண்டி அப்படியே போனால் நழுவுகிறது. கருகிய வாடையும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நின்ற இடத்திலும் மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கிளட்சை முழுதாக மிதித்து, மூன்று நான்கு விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். ‘கர்ர்’ என்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

2. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால், ரிலீஸ் பேரிங் போயிருக்கலாம். காலை எடுத்தால் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால், கோளாறு கியர்பாக்ஸ் பேரிங்கில் இருக்கலாம். அதற்குச் செலவு கூடும்.

3. முதல் கியரில் மெதுவாகக் கிளம்பும்போது வண்டி உதறினால், பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். பிளைவீல் சூடேறிக் கெட்டிருக்கலாம். அல்லது இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம்.

கிளட்ச் போயிருந்தாலே வண்டியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. தேய்வது கிளட்சின் இயல்பு, மாற்றினால் சரியாகிவிடும். ஆனால், செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஓசூரில் உதிரிபாகக் கடையில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றுக்கும் விலை கேளுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியையும், பிளைவீல் கடைசல் செலவையும் சேர்த்து, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ‘பிளேட் மட்டும் மாற்றினால் போதும்’ என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். அடுத்த பாகம் போனால், அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டி வரும்.

கர்நாடகப் பதிவு வண்டி என்றால், அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே சாலை வரி கட்டி, பதிவையும் மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், அதை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, பாரம் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சாலை சானமாவு காட்டை ஒட்டிப் போகிறது. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வந்து தங்கும் இடம் அது. விடியுமுன் சந்தைக்குக் கிளம்பிய வண்டி, லோடோடு அங்கே நின்றுவிட்டால், நஷ்டம் தக்காளியோடு போகாது. ‘பாரம் ஏற்றவே கூடாது’ என்று விற்பவர் மறுத்தால், அதுவே உங்களுக்கான பதில்.