நீங்களும் விமானம் கட்டலாம், ஆனால் எங்கே தொடங்குவது?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் பாதையில் பருந்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த ஏறுகாற்றில் பருந்து இறக்கையை அசைக்காமலே நெடுநேரம் மிதக்கிறது. அதைப் பார்க்கும் உங்களில் சிலருக்கேனும், 'நானே ஒரு விமானம் கட்டிப் பறந்தால் என்ன?' என்ற ஆசை எழும்.

அது வீண் ஆசை அல்ல. உலகில் ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானங்களைக் கட்டிப் பறந்திருக்கிறார்கள். ஆனால் ஆசைப்படுவோரில் பலர் முதலில் தேடுவது ஓர் என்ஜினை. பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின் ஒன்று கிடைத்தால் பாதி விமானம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். இது தலைகீழான தொடக்கம் என்பதே என் கருத்து. என்ஜின் கடைசியில் வரட்டும். இறக்கையும் அளவுகோலும் குறிப்பேடும் முதலில் வரவேண்டும்.

ரைட் சகோதரர்கள் எப்படித் தொடங்கினார்கள்? 1899-இல் ஒரு பட்டத்தைக் கொண்டு இறக்கையை முறுக்கிச் சோதித்தார்கள். 1900, 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் என்ஜின் இல்லாத மிதவை விமானங்களைக் கட்டினார்கள். எதிர்பார்த்த தூக்குவிசை கிடைக்காதபோது, காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தாமே செய்து, சிறு இறக்கைகளை அதில் வைத்து அளந்தார்கள். அதன் பிறகே 1903-இல் என்ஜினைப் பொருத்தினார்கள். முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அந்த 12 விநாடிக்குப் பின்னே நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது.

கிட் விமானம் என்பது என்ன?

இன்று விமானம் கட்ட விரும்புவோருக்குக் 'கிட்' உண்டு. இறக்கையின் விலாக்கள், குழாய்கள், தகடுகள், ஆணிகள் ஆகியவற்றை ஒரு நிறுவனம் தயாரித்து, வரைபடங்களோடு பெட்டியில் அடைத்து அனுப்பும். வாங்கியவர் நூற்றுக்கணக்கான மணி நேரம், சில வகைகளில் ஆயிரம் மணிக்கும் மேல், உழைத்து அவற்றை இணைக்க வேண்டும். அமெரிக்காவில் இவ்வகை விமானத்தின் கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அருகில் பெங்களூரில் ராஜ் ஹம்சா என்ற நிறுவனம் எக்ஸ்-ஏர் என்னும் இலகு விமானத்தைக் கிட்டாகத் தயாரித்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியது.

'யாரோ செய்த துண்டுகளைக் கோப்பதில் என்ன அறிவியல் இருக்கிறது?' என்று சிலர் கேட்பார்கள். இதற்குப் பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடமே பதில் சொல்கிறது. வீட்டில் கட்டுவோருக்காக அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வடிவமைத்த விமானம் லாங்-ஈஸி. நம் விஞ்ஞானிகள் 1980-களில் அந்த வடிவத்தைப் பின்பற்றி ஒரு சிறு ஆராய்ச்சி விமானத்தைக் கட்டினார்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளைக் கையாளும் அனுபவம் அதில் கிடைத்தது. பிறகு தாமே வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் 1993-இல் பறந்தது. பிறர் வடிவத்தைச் செம்மையாகக் கட்டிப் பழகுவது இழிவல்ல; சொந்த வடிவத்துக்கு அதுவே படிக்கட்டு.

இன்னொரு கண்

கேரளத்தில் தொடுபுழாவை அடுத்த ஊரைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாதவர், பேச இயலாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் உருவாக்கிய இலகு விமானம் 2014-இல் பறந்தது. அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டாதவர் இல்லை. அதைப் பறக்கவிட்டுச் சோதித்தவர் விமானப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அனுபவமிக்க விமானி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கட்டியவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. எடைமையம் சிறிது பின்னால் நகர்ந்தாலும் விமானம் கட்டுக்கடங்காமல் போகும். சாலையில் வண்டி பழுதானால் ஓரமாக நிறுத்தலாம்; வானத்தில் ஓரம் கிடையாது.

ஆகவே, பதிவும் பரிசோதனையும் வேண்டியவையே. அதேவேளை அந்த வழி தெளிவாகவும் இருக்க வேண்டும். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016-இல் கண்காட்சியில் வைத்தார். அதற்குப் பதிவு கிடைத்தது 2017-இல்தான். அதற்கு அவர் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது. கண்டிப்பான பரிசோதனை உயிரைக் காக்கும். குழப்பமான விதியோ, ஆர்வமுள்ளவரைத் திருட்டுத்தனமாகப் பறக்கத் தூண்டும். அரசு இதைக் கருத வேண்டும்.

இந்த வாரமே தொடங்கலாம்

கள்ளக்குறிச்சி மாணவர்களுக்கு ஒரு நற்பேறு உண்டு. உங்கள் ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உளியை எந்தப் பக்கம் செலுத்தினால் பிளக்காது என்று அறிந்த ஆசாரிமார் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். இலகு விமானங்களின் மர விசிறியும் பல பலகைகளை ஒட்டிச் செதுக்கப்படுவதுதான். அவர்களிடம் போய்ப் பணிவோடு கேட்டுப் பழகுங்கள்.

முதல் பயிற்சி: இரண்டு மரச் சட்டங்களைப் பசையால் ஒட்டி, நன்கு காய்ந்தபின் உடைத்துப் பாருங்கள். மரம் முறிந்தால் ஒட்டு நல்லது. ஒட்டிய இடமே விட்டுவிட்டால் வேலை சரியில்லை. மர விமானம் கட்டுவோர் இன்றும் செய்யும் சோதனை இது.

இரண்டாவது பயிற்சி: மெல்லிய மரத்தில் ஒரு கைவீச்சு மிதவை விமானம் செய்யுங்கள். மூக்கில் களிமண் வைத்து எடைமையத்தைச் சரிசெய்யுங்கள். காற்றில்லாத காலையில், 2 மீட்டர் உயரத்திலிருந்து மட்டமாக, மெதுவாக விடுங்கள். 10 மீட்டர் சென்றால் அதன் மிதவை விகிதம் 5. இதே விமானம் 600 மீட்டர் உயர மலையிலிருந்து அமைதியான காற்றில் எவ்வளவு தூரம் போகும்? 3 கிலோமீட்டர். நல்ல மிதவை விமானங்களின் விகிதம் 40-க்கும் மேல். அவை 24 கிலோமீட்டர் செல்லும்! இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்று தேடத் தொடங்கினால், நீங்கள் விமானவியலுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

மூன்றாவது, கணக்கு. 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. எனவே மலைமேல் விமானம் எழும்பக் கூடுதல் வேகம் வேண்டும். என்ஜினின் திறனோ குறையும். கோடை நண்பகலில் இன்னும் மோசம். ஓடுதளம் எவ்வளவு நீள வேண்டும் என்பதை உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு பேசுங்கள்.

ஒவ்வொரு சோதனையையும் தேதியிட்டு எழுதுங்கள். நண்பனிடம் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்களே செய்த எந்தப் பொறியிலும் ஏறிப் பறக்க முயலாதீர்கள். நம் நாட்டில் மாணவ விமானி உரிமம் பெற 16 வயதும், தனியார் விமானி உரிமம் பெற 17 வயதும் நிறைய வேண்டும். அதுவரை கற்க நிறையவே இருக்கிறது.

உங்கள் மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. ஆனால் இப்போதைக்கு உங்களுக்கு ஓடுதளம் தேவையில்லை. பள்ளி மைதானமும் ஓர் அளவு நாடாவும் போதும். நாளைக் காலை, காற்று எழும்புமுன் தொடங்குங்கள்!