பாடியும் பனியனும் ஒரே கொடியில்

தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் தாராளமாக வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள். பிராவை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம். பாட்டி 'பாடி' என்றது, நாம் 'பிரா' என்பது, ஆபீசில் நாசூக்காக 'இன்னர்ஸ்' என்பது எல்லாம் ஒன்றேதான்.

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் உண்டு. அம்மாவைக் கேட்டால், "குளிக்கும்போதே அலசிப் போட்டுட்டு வாடி, இதுல என்ன கேள்வி?" என்பார். பிஜியில் பக்கத்துக் கட்டில் தோழியைக் கேட்டால், "ஜீன்ஸ் மாதிரிதான், நாலு நாள் தாங்கும்" என்பாள். இணையத்தில் தேடினால் மூன்றாவது பதில் வரும். இரண்டு மூன்று தடவை போட்ட பிறகு துவைத்தால் போதும் என்று அமெரிக்காவில் எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரிதான். ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ். வியர்வைக்கு வேலை ஏது? ஆனால் காலை எட்டரைக்கு தாதர் ஸ்டேஷனில் லைன் மாறி, லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நசுங்கி, அந்தேரியில் பிதுங்கி இறங்குகிறவளுக்கு அந்தக் கணக்கு உதவாது.

என் கணக்கு இதுதான். மும்பை, சென்னை மாதிரி கடலோர ஊரில் ஒரு நாள் முழுக்கப் போட்டால் துவைத்துவிட வேண்டும். டெல்லியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் இரண்டு மூன்று தடவை போடலாம். அதே டெல்லியில் மே மாதம் என்றால் பழையபடி ஒரு நாள்தான். ஜிம்முக்கோ ஓடவோ போட்டுக்கொண்டு போனதை வீட்டுக்கு வந்ததும் துவைக்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் ஒரே பிராவைத் தொடர்ந்து இரண்டு நாள் போடக் கூடாது. வியர்வை முழுக்கக் காயவும், இழுபட்ட எலாஸ்டிக் பழைய நிலைக்கு வரவும் அதற்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். நல்லதாக நாலு இருந்தால் சுற்று ஓடிவிடும்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். வியர்வைக்குப் பெரிதாக வாசனை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சாப்பிட்டு உடைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் உடற்பயிற்சி செய்தவர்களின் டீ-ஷர்ட்களைச் சோதித்தபோது, பருத்தியை விட பாலியெஸ்டர் அதிகம் நாறியது. நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் என்ற வகை பாலியெஸ்டரில் செழிப்பாக வளர்ந்திருந்தது. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் பேடட் பிராவில் பாதிக்கு மேல் பாலியெஸ்டரும் நுரைப் பஞ்சும்தான். பாட்டியின் பருத்தி பாடிக்கும் இதற்கும் ஒரே விதி பொருந்தாது.

துவைக்கும் முறையும் முக்கியம். பிராவின் உயிர் அதிலிருக்கும் எலாஸ்டேன் இழை. 1958-ல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. லைக்ரா என்பது அதன் பிராண்டு பெயர். இந்த இழைக்குக் கொதிக்கும் சூடும் குளோரின் ப்ளீச்சும் ஆகவே ஆகாது. அதனால் சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால் அலசல். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அமுக்கி எடுங்கள். மெஷினில்தான் போடுவேன் என்றால் ஹூக்கை மாட்டி, வலைப்பைக்குள் வைத்துப் போடுங்கள். காயப்போடும்போது ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் அது நீண்டுவிடும். நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைக்கிறோம் என்பது சின்னக் கேள்வி. துவைத்ததை எங்கே காயப்போடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

நம் வீடுகளில் கொடியைப் பாருங்கள். அப்பாவின் பனியன், அண்ணனின் ஜட்டி, தம்பியின் ஷார்ட்ஸ் எல்லாம் தேசியக் கொடி மாதிரி நடு வெயிலில் பறக்கும். அம்மாவின் பாடி மட்டும் புடவைக்கு அடியில். பெண்ணின் பிரா துண்டுக்கு அடியில், அல்லது பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில். காற்றும் கிடையாது, வெயிலும் கிடையாது. மும்பையில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. சாந்தாகுரூஸில் ஜூலை மாதம் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெளியில் போட்ட துணியே இரண்டு நாளாகும். புடவைக்கு அடியில் ஒளிந்திருப்பது எப்போது காய்வது? அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

அரை ஈரத் துணி, மூடிய தோல், வியர்வை. மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மார்புக்கு அடியில் தோல் மடிகிற இடத்தில் சிவந்து, அரித்து, எரிவதைப் பல பெண்கள் வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று வாங்குவதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அடங்கும், பிறகு இரண்டு மடங்காகப் பரவும். இந்தியாவில் படை இப்படித்தான் முரட்டு வியாதியானது. சாதாரண டெர்பினாஃபைன் மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதன் பிறகும் வாங்குகிறோமா இல்லையா என்பது நமக்கே தெரியும். ஏற்கெனவே படை வந்திருந்தால் மட்டும் மேலே சொன்ன குளிர்ந்த தண்ணீர்க் கணக்கை மறந்துவிடுங்கள். வெந்நீர், தனி பக்கெட், உள்பக்கம் வெளியே தெரிய வெயில். எலாஸ்டிக் போனால் போகட்டும், தோல் முக்கியம்.

வெயில் பட்டே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. நடுமதிய வெயில் தினமும் பட்டால் எலாஸ்டேன் சீக்கிரம் தளர்ந்துவிடும். நிழலில் நல்ல காற்றோட்டம் இருந்தாலே போதும். முழுக்கக் காய வேண்டும், அவ்வளவுதான். புடவைக்கு அடியில் கிடைக்காதது அந்தக் காற்றுதான்.

"வெளியில் போட்டால் எதிர்வீட்டுக்காரன் பார்ப்பான், திருட்டுப் போகும்" என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. மொட்டை மாடியிலிருந்து உள்ளாடை காணாமல் போவது எந்த லேடீஸ் ஹாஸ்டலிலும் தெரிந்த கதைதான். ஆனால் பார்ப்பவன் கண்ணுக்குத் தண்டனை நம் தோலுக்கா? பயம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஜன்னல் ஓரம் ஒரு மடக்கு ஸ்டாண்டு போட்டு, ஃபேனைத் திருப்பிவிடுங்கள். அங்கேயும் "மாமா வர்றார், எடுத்து உள்ள வை" என்று ஆரம்பித்தால் அது பாதுகாப்பு இல்லை. வெட்கத்தைக் கற்றுக்கொடுப்பது.

அந்தப் பாடம் பிராவோடு நிற்பதும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21), 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் பாதிப்பேர் மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுத்தமாகத் துவைத்து நன்றாகக் காயவைத்தால் துணியில் தப்பே இல்லை. அது எங்கே காய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பாடியை ஒளிக்கச் சொல்லிக்கொடுத்த அதே வாய்தான் அதையும் ஒளிக்கச் சொல்கிறது. அரித்தாலும் எரிந்தாலும் கட்டி தட்டுப்பட்டாலும் வெளியே சொல்லாதே என்கிற பழக்கம் பன்னிரண்டு வயதில் இந்தத் துணிக்கொடியில்தான் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா உள்ளாடையைத் துவைக்க மாட்டேன் என்றால் கோபப்படாதீர்கள், அது அவர் உரிமை. அவரவர் உள்ளாடையை அவரவர் துவைப்பதுதான் நியாயம், ஆண்களையும் சேர்த்து. பையனுக்குப் பத்து வயதில் ஜட்டி அலசக் கற்றுக்கொடுங்கள். பெண்ணுக்குப் பிரா வாங்கிக்கொடுக்கும் அன்றே கொடியில் காற்று வரும் பக்கமாக நாலு க்ளிப் அவள் பெயருக்கு ஒதுக்குங்கள். அதற்கு மேல் புடவையைப் போட்டு மூடாமல் இருந்தால் போதும்.