வாசலில் நிற்கட்டும் கேமரா

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஊர்த்தெரு வீடு ஒன்றைப் படம் எடுக்கப் போகிறவர் என்ன செய்வார்? வாசலில் நின்று குரல் கொடுப்பார். வரச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காருவார். அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதே ஆள் காலனிக்கு வரும்போது கேமரா அவருக்கு முன்னால் உள்ளே நுழைகிறது. அடுப்பு, கொடியில் காயும் துணி, ஒழுகும் கூரை, கிழிந்த பாயில் தூங்கும் குழந்தை, எல்லாம் பத்து நிமிடத்தில் பதிவாகிவிடும். "எடுத்துக்கலாமாம்மா?" என்ற கேள்வி கடைசியில் வரும். பல சமயம் வராது. இந்த வித்தியாசத்துக்குப் பெயர் சாதி. வேறு பெயர் தேட வேண்டாம்.

எடுப்பவர் பத்திரிகையாளரா, தொண்டு நிறுவன ஊழியரா, களப்பணிக்கு வந்த சமூகப்பணி மாணவரா, நம் இயக்கத் தோழரா என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. கேட்காமல் நுழைந்தால் எல்லாரும் ஒன்றுதான்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தின் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன்னையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அதற்கடுத்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது அவர் வீட்டின் படம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு இந்தத் தேர்வு எப்படி நியாயம் என்று அவர் கேட்ட கேள்வி பின்னால் போனது. "இந்த வீட்டிலிருந்தா இவ்வளவு மார்க்!" என்ற வியப்பு முன்னால் வந்தது. வியந்தவர் யார் என்று யோசியுங்கள். சேரி வீட்டில் அறிவு இருக்காது என்று நம்பியிருந்தவருக்குத்தானே அந்த வியப்பு வரும்?

அடுத்தது பொன்பரப்பி. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். காலனி வீடுகள் தாக்கப்பட்டன. சேதத்தைக் காட்டும் படங்களும் வீடியோக்களும் வெளியே வந்தன. "இரு தரப்பு மோதல்" என்று எழுதி முடிப்பவர்களுக்கு அவைதான் பதில். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 12ஆம் விதிப்படி ஆட்சியரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கே போய்ச் சேதத்தை மதிப்பிட வேண்டும். அவர்கள் வருவதற்குள் உடைந்ததைக் கூட்டி அள்ளிவிட்டால் படம்தான் சாட்சி. ஆகவே, படமே எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

பொன்பரப்பிப் படத்தில் குற்றம் தெரிகிறது. குற்றம் என்றால் செய்தவன் உண்டு, சட்டப்பிரிவு உண்டு, நிவாரணம் உண்டு. குடிசைப் படத்தில் வறுமை மட்டும் தெரிகிறது. அதுவும் மழையைப் போலத் தானாகப் பெய்ததாகத் தெரிகிறது. பட்டா தராத அதிகாரி, கூலியைப் பிடித்த முதலாளி, பஞ்சமி நிலத்தை வளைத்தவர், யாருமே அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை.

இது பழைய பழக்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான மக்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். எடுத்தவர் பெயர் இன்றும் நிற்கிறது. உட்கார்ந்தவர்கள் பெயர் இல்லை. பஞ்சத்திலும் தானியம் கப்பலேற விட்ட அரசும் அந்தப் படங்களில் இல்லை.

அனிதா மறைவதற்கு 8 நாட்களுக்கு முன்பு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. மாடி வீட்டுக்கு மட்டும்தான் என்று அதில் எழுதவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவோ, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சட்டமே கேமராவைக் கூப்பிடுகிற இடம் அது. அங்கே கேமரா எங்கே என்று மனுப் போட்டுக் கேட்ட எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

"படம் போட்டால்தான் உதவி வரும்" என்பார்கள். வரும். அரிசி மூட்டை வரும். கூடவே, அந்த வீட்டுப் பெண்பிள்ளையைப் பார்த்து "ஒங்க வீட்ட போன்ல பாத்தேன்டி" என்று பள்ளியில் சிரிப்பதும் வரும். மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். படம் தீராது. 1936இல் அமெரிக்காவில் டோரதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த அந்தத் தாயின் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகுக்குத் தெரியவே 1978 ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றார் அவர்.

தோழர்களே, போன் பையிலேயே இருக்கட்டும். முதலில் உட்கார்ந்து பேசுங்கள். எதற்கு எடுக்கிறோம், எங்கே போடுவோம் என்று சொல்லிக் கேளுங்கள். அதிகாரியையும் கட்சிக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அவர்கள் முன்னால் எந்த அம்மாவாலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றதை அவர்கள் கண்ணெதிரே அழியுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் வீட்டை ஒருபோதும் வெளியிடாதீர்கள். முகவரி, குடும்பம், அக்கம்பக்கம் எதை வைத்தும் அடையாளம் தெரியக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. தாக்கப்பட்ட வீடு என்றால் விடாமல் எடுங்கள். தேதி, நேரம், உடைந்த பொருள் ஒவ்வொன்றும் பதிவாகட்டும். அது முதலில் போக வேண்டிய இடம் குடும்பத்தின் கையும் வழக்கறிஞரின் கோப்பும். வாட்ஸ்அப் குழு அப்புறம்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு இன்று அனிதாவின் பெயர். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது அந்த அரங்கத்தின் படத்தைப் போடுங்கள். கீழே 1176 என்று எழுதுங்கள்.