சோனிச் செடியைப் பழிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வற்றலும் தொற்றலுமாக நிற்கிற சூரியகாந்திச் செடிகளைக் காட்டி, "இதற்கா நம் வரிப்பணம்? நல்ல பெரிய பூவாகப் பார்த்து விதை எடுத்து வைத்தால் போதாதா?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். அதில் சிலர் என்னிடமே பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

நீங்கள் பழிக்கிற அந்தச் சோனிச் செடிகள்தான் பெற்றோர் வரிசைகள். சூரியகாந்தி தேனீயை நம்பி வாழும் பயிர். அயல் மகரந்தம்தான் அதற்கு இயல்பு. பூவுக்குப் பை கட்டி, ஆறேழு தலைமுறைக்குத் தன் மகரந்தத்தையே ஏற்க வைத்தால் செடி குன்றிப்போகும். உயரம் குறையும், பூ சிறுக்கும். விதைத்தால் மாறாமல் ஒன்றுபோல வரவேண்டும் என்பதற்காக நாமே அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். இப்படி நிலைப்பட்ட இரண்டு வரிசைகளை, வெவ்வேறு வம்சத்தில் வந்தவையாகப் பார்த்துக் கலந்தால் இழந்த வீரியம் திரும்புகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றிச் சொந்தத்திலேயே கட்டி வந்த நம் குடும்பத்துக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்!

எண்ணெய்ச் சதவீதம் மாதிரிச் சில குணங்களைத் தாய் தந்தையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். விளைச்சலை அப்படி ஊகிக்க முடியாது. தந்தை வரிசைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல, கிளை கிளையாகப் பிரிந்து, கிளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பூ வைத்து நிற்கும். பெரிய பூ தேடுகிற கண்ணுக்கு அது மாட்டுக்குப் போட வேண்டிய செடி. ஆனால் அந்தப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்வதால் மகரந்தம் பல நாள் கிடைக்கிறது. தாய்ச் செடி சில நாள் முன்பின் பூத்தாலும் விதை பிடிக்கும். கிளைப்பது ஒடுங்கு பண்பு என்பதால் பிள்ளையில் அது தலைகாட்டாது. ஒற்றைத் தண்டு, ஒற்றைப் பெரிய பூ. அந்தப் பெரிய பூவின் விதையை எடுத்து நீங்கள் மறுபடி விதைத்தால் என்ன ஆகும்? மெண்டலின் 3:1 மறந்துவிட்டதா? கிளைக்கும் தந்தைக்குப் பிறந்த ஹைபிரிடாக இருந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு செடி கிளைக்கும். நாலில் ஒன்று மகரந்தமே இல்லாமல் மலடாக நிற்கும். உயரமும் ஒன்றுபோல இருக்காது. இதில் கம்பெனிச் சதி எதுவும் இல்லை. நான் கரும்பலகையில் போட்ட அதே கட்டம்தான்.

இந்த ஆண்மலட்டுத்தன்மைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சூரியகாந்திப் பூவில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையைக் கிள்ளி எறிந்து ஏக்கர் கணக்கில் விதை எடுப்பது நடக்கிற காரியமா? 1969இல் பிரான்சில் லெக்லெர்க் என்பவர் பெட்டியோலாரிஸ் என்ற காட்டுச் சூரியகாந்தியிலிருந்து ஆண்மலட்டுச் சைட்டோபிளாசத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கின்மன், வளமையை மீட்டுத் தரும் மரபணுவைக் காட்டினார். அதன் பிறகுதான் ஹைபிரிட் வியாபாரமாயிற்று. நம் நாட்டின் முதல் சூரியகாந்தி ஹைபிரிட் பிஎஸ்எச் 1, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1980இல் வந்தது.

சரி, நல்ல ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது? கலந்து, விதைத்து, அறுத்து, எடை போட்டுத்தான். நூறு தாயும் நூறு தந்தையும் கையில் இருந்தால் பத்தாயிரம் ஜோடி. எந்தப் பண்ணையில் அவ்வளவு இடம் இருக்கிறது? அதனால் முதலில் ஒவ்வொரு வரிசையையும் நாலைந்து சோதனைத் துணைகளோடு கலந்து பார்ப்பார்கள். யாரோடு சேர்ந்தாலும் சராசரியாக நல்ல பிள்ளை தருகிற வரிசைக்குப் பொது இணைப்புத்திறன் அதிகம். ஒரு குறிப்பிட்ட துணையோடு மட்டும் எதிர்பாராமல் சோபித்தால் அது சிறப்பு இணைப்புத்திறன். 1942இல் ஸ்ப்ரேக், டேட்டம் இருவரும் மக்காச்சோளத்துக்குச் சொன்ன கணக்கு இது. இன்றுவரை சூரியகாந்திக்காரர்களும் இதைத்தான் போடுகிறார்கள். வரிசையை நிலைப்படுத்த ஆறேழு தலைமுறை, சோதிக்கப் பல பருவம், பல ஊர். ஒரு தேர்தலுக்குள் முடிகிற வேலை இல்லை. அதனால்தானோ என்னவோ, இதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

எடை போடும்போதும் விதையை மட்டும் போட்டால் ஏமாறுவோம். தட்டு அகலத்துக்குப் பூ இருந்து நடுவில் சாவி விதையாக இருந்தால் யாருக்கு லாபம்? ஓடு தடித்திருந்தால் மூட்டை கனக்கும், செக்கில் எண்ணெய் இறங்காது. ரஷ்யாவில் புஸ்தோவோயித் பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்து, முப்பது சதவீத அளவில் இருந்த எண்ணெயை ஐம்பதை ஒட்டிக் கொண்டுபோனதில் ஓடு மெலிந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. முற்றும்போது பூ கவிழ்ந்து தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வானம் பார்த்து நின்றால் கிளிக்குத்தான் அறுவடை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியம், தேனீ வராவிட்டாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும் குணம். கண்டபடி மருந்தடித்துத் தேனீயை விரட்டிவிட்டு, காலையில் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பூப்பூவாகத் தேய்த்துவிடுகிற விவசாயியைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி எனக்கு இருக்கிற சண்டை உங்களோடு அல்ல, ரக எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுபவர்களோடு. பிஎஸ்எச் 1இன் தாய் சிஎம்எஸ் 234ஏ, தந்தை அமெரிக்க வேளாண் துறை தந்த ஆர்எச்ஏ 274. 1992இல் கேபிஎஸ்எச் 1 வந்தது. அதற்கும் தாய் அதே 234ஏதான். நல்ல தாய், மறுக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க விற்கிற சூரியகாந்தி ஹைபிரிட்களில் மிகப் பெரும்பாலானவை லெக்லெர்க் கண்ட அந்த ஒரே சைட்டோபிளாசத்தின் மேல் நிற்கின்றன. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இப்படித்தான் ஒரே ஆண்மலட்டுச் சைட்டோபிளாசத்தில் நின்றது. இலைக்கருகல் நோய் ஒன்று அதையே குறிவைத்து வந்து, ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தின்றுவிட்டுப் போனது. சூரியகாந்திக்கு அப்படி இன்னும் நடக்கவில்லை என்பது நம் அதிர்ஷ்டம், கெட்டிக்காரத்தனம் இல்லை. மாற்றுச் சைட்டோபிளாசங்கள் காட்டு இனங்களிலிருந்து எத்தனையோ எடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற வளமை மீட்கும் தந்தையைத் தேடி நிலைப்படுத்துவதுதான் பாக்கி வேலை. அதற்கும் வேண்டியது நீங்கள் கேலி செய்கிற அதே சோனிச் செடிகள்தான்.

1997இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பக்கம் நெக்ரோசிஸ் நோய் தெரிந்தது. பார்த்தீனியத்திலிருந்து இலைப்பேன் சுமந்து வரும் வைரஸ். சில வருடங்களில் தென்னாட்டு வயல்களையெல்லாம் பதம் பார்த்தது. தாங்கும் பெற்றோர் வரிசையை அன்றுதான் தேடத் தொடங்கினால் எப்படி? 1990களின் நடுவில் நாட்டில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த பயிர், இன்று அதில் கால்வாசிகூட இல்லை. நோய் மட்டும் காரணம் இல்லை. விலையும் இறக்குமதிக் கொள்கையும் சேர்ந்துதான் கெடுத்தன. ஆனாலும் 2022இல் உக்ரைனில் குண்டு விழுந்தபோது நம் அடுப்படியில் எண்ணெய் விலை எகிறியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வேளாண் துறையிலும் விதைக் கம்பெனிகளிலும் இருக்கும் என் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பகுதியில் இப்போது விற்கும் சூரியகாந்தி ஹைபிரிட் எது, அதன் தாய் எது, தந்தை எது, எத்தனை ஊரில் எத்தனை பருவம் சோதித்தார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கம்பெனி ரகசியம், சொல்லக்கூடாது என்றால் அதையும் எழுதுங்கள், ஊரார் தெரிந்துகொள்ளட்டும்.