ஆம்ப்ளிஃபையருக்குன்னு ஒரு குரல் உண்டா?

மதுரையில இருக்கற என் மாமா ஒரு பாட்டுப் பைத்தியம். இப்ப ரிடையர் ஆகியிருக்கார். வந்த பணத்துல ஒன்றரை லட்சத்தை வால்வ் ஆம்ப்ளிஃபையர் வாங்கறதுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டார். "ட்ரான்சிஸ்டர்ல சத்தம்தான் வரும் சார், வால்வ்லதான் சங்கீதம் வரும்"னு ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கார். ஒரு வசனத்துக்கு ஒன்றரை லட்சமா? மனசு கேக்காம எழுத உக்காந்துட்டேன்.

முதல்ல கொஞ்சம் பாடம். (பயப்படாதீங்க, நம்ம கிளாஸ் மாதிரி தூக்கம் வராது :-)) ஆம்ப்ளிஃபையரோட வேலை, சின்ன சிக்னலை வடிவம் மாறாம பெருசாக்கறது. கிளாஸ் ஏ வகை, பாட்டு ஓடினாலும் ஓடாட்டாலும் கரண்டை இழுத்துக்கிட்டே இருக்கும். கிட்டத்தட்ட அடுப்பு மாதிரி. கிளாஸ் பி-யில அலையோட மேல் பாதியை ஒருத்தர், கீழ் பாதியை ஒருத்தர்னு ரெண்டு ட்ரான்சிஸ்டர் பிரிச்சுக்கும். கைமாறுற இடத்துல அலை கொஞ்சம் நெளியும். அது நெளியாம இருக்க ரெண்டையும் லேசா ஆன்லயே வச்சா அது கிளாஸ் ஏபி. கிளாஸ் டி, செகண்டுக்குச் சில லட்சம் தடவை ஆன்-ஆஃப் ஆகி, கடைசியில ஃபில்ட்டர் வழியா இசையைக் கொடுக்கும். சூடு கம்மி. டி-ன்னா டிஜிட்டல் இல்லைங்க, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

சரி, சத்தத்துல வித்தியாசம் தெரியுமா?

இங்கிலாந்துல குவாட்னு ஒரு பேர்போன ஆம்ப்ளிஃபையர் கம்பெனி. 1953-ல வால்வ் வச்சு குவாட் 2, 1967-ல ட்ரான்சிஸ்டர்ல 303, 1975-ல புது மாதிரி சர்க்யூட்ல 405-னு மூணு தலைமுறை போட்டாங்க. ஜேம்ஸ் மோயர்ங்கற இன்ஜினியர் இந்த மூணையும் மறைச்சு வச்சு, வால்யூமைச் சமமாக்கி, அனுபவசாலிகளைக் கேக்க வச்சார். 1978-ல 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில முடிவு வந்துச்சு. எது எதுன்னு அவங்களால பிரிச்சுச் சொல்ல முடியல! கால் நூற்றாண்டு வித்தியாசம் காதுக்கு எட்டல.

1985-ல அமெரிக்காவுல பாப் கார்வர் இன்னொரு வேலை பண்ணினார். ஒரு விலை உயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபையர் மாதிரியே ஒலிக்கற அளவுக்குத் தன்னோட ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை மாத்திக் காட்டினார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரங்களாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல.

அப்ப வால்வ் சத்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? உண்டு. அதை மறைக்கக் கூடாது. 300பி மாதிரி ஒத்தை வால்வ் வச்ச ஆம்ப்ளிஃபையர்ல வர்றது சுமார் 8 வாட்தான். அதோட அவுட்புட் இம்பீடன்ஸும் அதிகம். ஸ்பீக்கர்ல 8 ஓம்னு எழுதியிருந்தாலும் ஃப்ரீக்வென்சிக்குத் தகுந்த மாதிரி அது ஏறி இறங்கும். ஏறுற இடத்துல இந்த மாதிரி ஆம்ப்ளிஃபையர் சத்தத்தையும் ஏத்திடும். கூடவே அசல்ல இல்லாத ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் சேரும். கேக்க இதமா இருக்கலாம். ஆனா அது தாளிப்பு, சமையல் இல்ல. டோன் கன்ட்ரோலைத் திருகினாலும் ஓரளவு அங்க போயிடலாம். தவிர 85 டெசிபெல் ஸ்பீக்கர்ல 8 வாட் போட்டா ஒரு மீட்டர் தூரத்துல 94-தான் வரும். மிருதங்கம் ஓங்கி விழும்போது அலையோட தலை வெட்டுப்படும்.

மாமாகிட்ட இருக்கறது பழைய ஏபி செட். நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கிளாஸ் டி போர்டை எடுத்துட்டுப் போயிருந்தேன். ரெண்டையும் போர்வைக்குப் பின்னாடி வச்சு, இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' சிடி போட்டோம். முதல் தடவை ஒண்ணோட வால்யூமை மட்டும் வேணும்னே லேசா ஏத்தி வச்சேன். "மாப்ள, இதுலதான்டா வயலினுக்கு உயிர் இருக்கு!"ன்னார். அது என் போர்டு! அப்புறம் மல்ட்டிமீட்டர் வச்சு ஸ்பீக்கர் முனையில ஓல்ட்டேஜைச் சமமாக்கி 16 தடவை மாத்தி மாத்திக் கேட்டார். 9 சரி. காசைச் சுண்டினாலே 8 வந்திருக்கும். 12-க்கு மேல வந்தாத்தான் காது பிடிச்சிருக்குன்னு நம்பலாம்.

"ஃபேன் சத்தத்துல கேக்கலடா"ன்னார். ஃபேனை நிறுத்தினோம். 7!

இது ஒரு வீட்டுல, ஒரு ஜோடி காதுல நடந்த சோதனைதான். ஆனா என் கட்சி இதுதான்: ஒழுங்கா டிசைன் பண்ணின, சக்திக்கு மீறி ஓட்டாத ஆம்ப்ளிஃபையர் எந்த வகையா இருந்தாலும் தனிக்குரல் கிடையாது. குரல் ஸ்பீக்கருக்கும் ரூமுக்கும்தான். மாமாவோட ஹால்ல வழவழன்னு மொசைக் தரை, மொட்டைச் சுவர். கை தட்டினாலே எதிரொலிக்குது. ஒரு கனமான ஜமக்காளம், திரைச்சீலை, அப்புறம் நல்ல ஸ்பீக்கர்னு செலவு பண்ணினா ஒன்றரை லட்சத்துல பாதி மிஞ்சும்.

சொல்லிப் பாத்தேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சின்ன வயசுல எங்க வீட்டு ரேடியோவுக்குப் பின்னாடி அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன் மாப்ள"ன்னார்.

அதுக்காக வாங்கறதுன்னா தாராளமா வாங்குங்க மாமா. அது நியாயமான ஆசை. ஆனா காதுக்காகன்னு சொல்லி யாராச்சும் வித்தா, ஒரு போர்வையும் மல்ட்டிமீட்டரும் எடுத்துட்டுக் கடைக்கு நானும் வரேன் :-)