அருகிலுள்ள குறி

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் டென்பின் பௌலிங்கில் தேர்ச்சி பெற விழையும் இளைஞர்கள், முதலில் கனமான பந்தையே நாடுகின்றனர். உச்ச எடையான 16 பவுண்டைத் தூக்குவது வீரமன்று. தோள் தளராமல் கை வீசக்கூடிய எடையே ஏற்றது. கட்டைவிரல் துளை இறுக்கமாயின் விரல் சிக்கும். தளர்ந்திருப்பின், பந்து நழுவாதிருக்க இறுகப் பற்றியே மணிக்கட்டு நோவுறும். ஆதலின், சொந்தப் பந்து வாங்குவோர் தம் கையளவுக்கே துளையிடச் செய்தல் வேண்டும்.

முதற்கட்டை 60 அடி தொலைவில் நிற்கிறது. கண்ணை அங்கே பதிக்க வேண்டா. சுமார் 15 அடியில் தளத்தில் பதிந்துள்ள அம்புக்குறிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதன்மீது பந்தைச் செலுத்துங்கள். பந்து இலக்கின் வலப்புறம் சென்றால், அடுத்த முறை நிற்குமிடத்தைச் சற்று வலப்புறம் மாற்றுங்கள், குறியை மாற்றாதீர்கள். அருகிலுள்ளதைச் செம்மையாய்ச் செய்வோர்க்குத் தொலைவிலுள்ளதும் கைகூடும்.